பாட்டும் சேர்ந்து நின்றது

ரவுண்டானாவின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சாவியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினாள். எதுவுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது. போகிற போக்கில் கண்ணாடியைப் பார்த்தாள். பஸ்ஸில் ஹாரனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுடைய கணவர்.

அவரும் அப்போதுதான் வண்டியின் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். ஹாரன் பாதியில் அடங்கியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை அவர். பஸ் ஓட்டுகிற மாதிரியேதான் பேசுவார். நிதானமாக, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று.

“என் கையில அந்த வண்டி என்னிக்காவது நின்னிருக்கா?”

“இல்ல.”

“மெக்கானிக் கையில?”

“இல்ல.”

“உன் கையில மட்டும் நிக்குது. அப்ப பழுது எங்க இருக்கு?”

சமையலறை வாசலில் நின்றிருந்த நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

“அண்ணி காலுல இருக்குன்னு சொல்ல வர்றியாண்ணா? நேராச் சொல்லேன். ஏன் ஊரச் சுத்திப் போற?”

“நீ சும்மா இரு. பஸ்ஸுக்குள்ள என்ன பேசினாங்க தெரியுமா? வீட்டுல உக்கார வேண்டியது ரோட்டுல வந்து உக்காந்திருக்குன்னு ஒருத்தர் சொல்றார். எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல. அது என் பொண்டாட்டின்னு எப்படிச் சொல்றது?” பிறகு குரல் இறங்கியது. “அது கிடக்கட்டும். பின்னால வந்தது நானு. பிரேக் போட்டேன். லாரிக்காரனா இருந்தா?”

அவர் முகத்தில் இருந்தது பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே, அடுத்து அவர் சொன்னதை எதிர்த்துப் பேச முடியவில்லை.

“நம்ம கண்டக்டர் ரொம்ப நாளா அந்த வண்டியக் கேட்டுகிட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். அதுக்குள்ள என்ன பழுதுன்னு உன் மெக்கானிக் சொல்லிட்டா சரி. இல்லன்னா வண்டி அவனுக்கு.”

சாவியக்கா என்பது தெரு வைத்த பெயர். வேலைக்காக வேறு ஊருக்குப் போனவர்கள், பிள்ளைகளோடு தங்கப் போனவர்கள், வாங்கிய வீட்டுக்கு இன்னும் குடிவராதவர்கள், இப்படிப் பலருடைய பூட்டிக் கிடக்கும் வீடுகளை அவள் பார்த்துக்கொண்டாள். முறை வைத்து ஒவ்வொரு வீடாகப் போவாள். ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். எல்லாக் குழாய்களையும் திறந்து, துருநிறம் போய்த் தண்ணீர் தெளிகிறவரை ஓடவிடுவாள். தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவாள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அலமாரிகளைத் திறந்து மோந்து பார்ப்பாள். கடைசியில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, எல்லாம் இருந்தபடி இருக்கிறதா என்று வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பூட்டுவாள்.

ஆட்களோடு பேச வராத அவளுக்கு அது வாகான வேலை. பூட்டிய வீடுகள் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் பாதி வீடுகள் ஊருக்கு வெளியே, பஸ் போகாத புதுத் தெருக்களில் இருந்தன. கணவரின் சித்தப்பா விட்டுவிட்டுப் போன அந்தப் பழைய கார் இல்லாவிட்டால் அந்த வீடுகள் இல்லை. கார் ஓட்டத் தெரியாது என்று ஆகிவிட்டால் என்னென்ன இல்லாமல் போகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வீடுகள்கூட இரண்டாம்பட்சம். வண்டியில் தனியாகப் போகிற அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தன் முதுகு நிமிர்ந்திருப்பது தெரியும்.

எல்லா வீட்டுச் சாவிகளும் ஒரே வளையத்தில் இருந்தன. எந்தச் சாவியிலும் முகவரி கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் சுற்றியிருக்கும். எந்த நூல் எந்த வீடு என்பது அவள் மண்டைக்குள் மட்டும். கார் சாவியும் அதே வளையத்தில்தான். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினால் கொத்து கையோடு வந்துவிடும், எங்கேயும் மறந்து வைக்க வழியே இல்லை என்பது அவள் கணக்கு. வசந்தகாலத் தொடக்கத்தில் ஊர் எல்லையில் ஒரு பெரிய பழைய வீடு கிடைத்தது. அதன் கேட்டுக்கு ஒரு சாண் நீளத்தில் இரும்புச் சாவி. அதுவும் வளையத்தில் ஏறியது.

“அண்ணி, இத இடுப்புல கட்டிக்கிட்டு ஆத்துல இறங்கிடாதீங்க, மேல வரவே மாட்டீங்க” என்பாள் நாத்தனார்.

அந்தக் கொத்தை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. கணவர் கையில்கூட. நம்பிக்கை இல்லாமல் இல்லை. அடுத்தவர் வீடு தன்னிடம் இருக்கும்போது அது தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவரிடம் காருக்கு வேறு சாவி இருந்தது. சட்டைப் பையில் தனியாகக் கிடக்கும் ஒற்றைச் சாவி.

மெக்கானிக்கை எல்லோரும் காதுக்காரர் என்றார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வால்வு தட்டுகிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா எல்லாம் சொல்லிவிடுவார். பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டார். முதல் வேலையாக ரேடியோவை அணைத்துவிடுவார்.

“ஆள் பேசினா இஞ்சின் பேசாதும்மா. அது ரொம்ப மானஸ்தன்.”

கோடை தொடங்குவதற்கு முன்பிருந்தே வண்டி நிற்க ஆரம்பித்திருந்தது. அவளும் ஒவ்வொரு தடவையும் அவரிடம்தான் போனாள். ஒவ்வொரு தடவையும் அவர் மேசைக்கு முன்னால் நின்று, இறுகிக் கிடக்கும் வளையத்தை நகத்தால் நெம்பி, கார் சாவியை மட்டும் தனியே கழற்றிக் கொடுப்பாள். கொத்தைப் பைக்குள் போட்டு மூடிக்கொள்வாள்.

“என்னம்மா இது, நகம் பிஞ்சிடப்போகுது. கொத்தோட குடுத்தா நான் என்ன வீடு வீடாப் போய்ப் படுத்துத் தூங்கவா போறேன்?”

“இல்லீங்க, பழக்கம்” என்று சிரித்து வைப்பாள்.

முதலில் பிளக்குகளை மாற்றினார். பிறகு கார்புரேட்டரைப் பிரித்துத் துளை துளையாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். இக்னிஷன் காயில் சூடாகிறதோ என்று சந்தேகப்பட்டு அதையும் மாற்றினார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த ஒற்றைச் சாவியைப் போட்டு, தனியாக, சத்தமில்லாமல், மேம்பாலம்வரை போய்த் திரும்புவார்.

“குதிரை மாதிரி ஓடுது. எடுத்துக்கிட்டுப் போங்க.”

அவள் சாவியை வாங்கி, மறுபடி வளையத்தில் மாட்டி, வண்டியைக் கிளப்புவாள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். சில சமயம் இரண்டு தெருகூடத் தாண்டாது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போதோ, ரவுண்டானாவில் திரும்பும்போதோ சத்தமில்லாமல் செத்துப்போகும். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். நேர் சாலையில் ஒருநாளும் நின்றதில்லை.

“வேகத்தடையில நிக்குதுன்னா கிளட்ச்தான்” என்று கணவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். “கிளட்ச்ச மெதுவா விடு. பொசுக்குனு காலை எடுக்காத.”

அவளும் பழகினாள். காய்கறி நறுக்கும்போது மேசைக்கு அடியில் இடது கால் தானாக அழுந்தி, மெல்ல மேலே வந்தது. வரிசையில் நிற்கும்போதும் அப்படியே. நாளாக ஆக, நிற்பது வண்டியா தானா என்பதே அவளுக்குக் குழம்பிப்போயிற்று. வேகத்தடை தூரத்தில் தெரிந்தாலே உள்ளங்கை வியர்த்தது. கணவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், பஸ்ஸையே ஓட்டுகிறவர்.

சனிக்கிழமை காலை நாத்தனாரும் கூட வந்தாள். வீடுகளில் தூசி தட்ட அவள் அவ்வப்போது வருவதுண்டு. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ரேடியோவில் வருகிற எந்தப் பாட்டானாலும் கூடப் பாடுவாள். வரி தெரியாத இடத்தில் அவளே வரி போட்டுக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரோரம் இருந்த வேகத்தடையில் வண்டி ஏறியது. சாவியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சைப் பஞ்சுபோல விட்டாள். முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரம் இறங்கியது. வண்டி நின்றது. நாத்தனாரின் குரல் மட்டும் தனியாக, சுருதி இல்லாமல், இரண்டு வரி போய்த் தயங்கி நின்றது.

“பாருங்க, வண்டி நின்னா பாட்டும் சேர்ந்து நின்னுடுது. என் மானம் போகுது. அண்ணன்கிட்டயும் சொன்னேன். வண்டி நின்னா பாட்டு மட்டும் தனியா நடந்து போகுமான்னு கேக்கறான்.”

சாவியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைக் கிளப்பினாள். வீடுகளுக்குப் போகாமல் நேராக மெக்கானிக்கின் பட்டறைக்குத் திருப்பினாள்.

பட்டறை என்பது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாதி. மற்றப் பாதியில் சலவைக்கடை. ஆகவே அங்கே எப்போதும் ஆயில் வாசனையும் சோப்பு வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“மறுபடியுமா?”

“மறுபடியும்.”

“சரி, சாவியக் குடுத்துட்டு அப்படி உக்காருங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்.”

அவள் இறங்கினாள். வழக்கம்போல வளையத்தை நெம்பப் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கொத்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கியபடியே இருந்தது.

“என்னம்மா?”

“நானும் வர்றேங்க.”

“நான் யாரையும்...”

“தெரியும்ங்க. நாளைக்கு ஆள் வந்து வண்டிய எடுத்துட்டுப் போறாங்க. இன்னிக்கு நான் இறங்க மாட்டேன்.”

நாத்தனார் பின் சீட்டில் வாயைப் பிளந்தாள். அண்ணி இப்படி ஒரேயடியாக மூன்று வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. காதுக்காரர் தலையைச் சொறிந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ரேடியோவை அணைக்கக் கை போயிற்று.

“மாமா, மாமா, இந்த ஒரு பாட்டு மட்டும்” என்றாள் நாத்தனார். “இதுக்கு எனக்கு எல்லா வரியும் தெரியும். அடுத்த பாட்டுல இருந்து நான் பொணம் மாதிரி வர்றேன்.”

“இன்னிக்கு என் பட்டறையில என் பேச்சு எடுபடல போல” என்றபடி அவர் வண்டியை எடுத்தார்.

மேம்பாலம்வரை ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா” என்பதுபோல அவர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். சாவியக்கா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கையிலும் நிற்காது. நின்றதே இல்லையே.

“பள்ளிக்கூடத்து வழியாப் போங்க” என்றாள்.

சுவரோரத்து வேகத்தடையில் அவர் ஏறினார். நாத்தனார் உச்சத்தில் இருந்தாள். முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரம் இறங்கியது, நாத்தனாரின் குரல் தனியாக ஊளையிட்டது. வண்டி உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

காதுக்காரர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். ஏதோ அது வேறு யாருடைய காலோ என்பதுபோல. சாவியக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதைக் காட்டக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் சாவியைத் தொடவில்லை. ஒரு விரலை உயர்த்தினார்.

“நீ ஏம்மா தனியாப் பாடின?”

“நான் எங்க பாடினேன்? கூடப் பாடினவ போய்ட்டா, நான் மாட்டிக்கிட்டேன்.”

“அதான். பாட்டு ஏன் நின்னுச்சு?”

“எப்பவும் நிக்கும் மாமா. வண்டி நின்னா பாட்டும் நிக்கும். நான் சொன்னா எவன் கேக்கறான்?”

“எப்பவுமேவா?” அவர் டாஷ்போர்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “பெட்ரோல் வராம இஞ்சின் செத்தா பாட்டு எதுக்கு நிக்கணும்? பேட்டரி இருக்கில்ல. இதோ, இந்தச் சிவப்பு லைட்டு எரியணும். அதுவும் எரியல.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “இஞ்சின் நிக்கலம்மா. யாரோ ஆஃப் பண்றாங்க.”

“பேயா?” என்றாள் நாத்தனார்.

“பேய்க்கு டிரைவிங் தெரியுமா? எங்கயோ கரண்ட் கட்டாகுது.” அவர் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. “ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. இது இறுக்கமா இருக்கு. இதுவும்...”

சாவியக்காவின் கண் கொத்தின்மேல் இருந்தது. அவர் வயர்களை இழுக்கிற குலுக்கலில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே இரும்புச் சாவி. அந்தக் கனத்தில் கார் சாவி, அதன் துளைக்குள், நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நீல நூல் வீட்டின் பின்கதவு அவளுக்கு ஞாபகம் வந்தது. அங்கே பூட்டு தேய்ந்துபோய், சாவி உள்ளே தலை தொங்கும். திருப்பினால் திறக்காது. உள்ளங்கையால் சாவியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும்.

அவள் கையை நீட்டினாள். கொத்தை உள்ளங்கையில் ஏந்தி, மெல்லத் தூக்கி, சாவியை முன்பக்கமாக ஒரு நூல் அளவு தள்ளினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியோவில் பாட்டு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல், எங்கேயோ நடுவிலிருந்து வந்தது.

காதுக்காரர் வெளியே வர அவசரப்பட்டு டாஷ்போர்டில் மண்டையை இடித்துக்கொண்டார். “என்ன பண்ணினீங்க?”

அவள் கையை எடுத்தாள். கொத்து தொங்கி ஒரு ஆட்டம் ஆடியது. விளக்கு அணைந்தது, பாட்டு நின்றது. மறுபடி ஏந்தினாள். எரிந்தது, பாடியது.

“இன்னொரு தடவை” என்றாள் நாத்தனார், சின்னப் பிள்ளை மாதிரி.

அவர் கொத்தைத் தன் கையில் எடுக்கப் போய், நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கையில் வைத்துக் கனம் பார்த்தார். “அம்மாடி! எத்தனை மாசமா இது இவ்வளவு கனம்?”

“இந்த இரும்புச் சாவி வந்ததுல இருந்துங்க. அது...” அவள் யோசித்தாள். குரல் சிறுத்தது. “அதுக்கு அப்புறந்தான் நிக்க ஆரம்பிச்சது.”

“சுவிட்ச்சு உள்ள தேஞ்சு கிடக்கு. வெறும் சாவின்னா சமாளிக்குது. இந்தப் பாரம் தொங்கும்போது வண்டி குலுங்கினா, திரும்பினா, சாவி பின்னால நழுவுது. அங்கதான் கரண்ட் போகுது.” அவர் சீட்டில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “நீங்க ஒவ்வொரு தடவையும் வியாதியக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, வண்டிய மட்டும் என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கீங்கம்மா. நானும் இஞ்சின்ல காதை வெச்சுக் கேட்டுகிட்டே இருக்கேன். அது பாவம், எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிகிட்டே இருந்திருக்கு.”

சுவிட்ச்சைத் திங்கள்கிழமை வாங்கி மாற்றித் தருவதாகச் சொன்னார். அதுவரை கார் சாவி தனி, கொத்து தனி.

“முக்கியமா இத உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, மெக்கானிக் காதுல பூ சுத்தறான்னு நினைப்பார்.”

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். சாவியக்கா காபிக் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். முந்தின நாள் மாலையே கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை நம்பவில்லை. நம்பாததை மறைக்கவும் இல்லை.

“கேட்டியாப்பா?” என்றார் கண்டக்டரிடம். “சாவிக்கொத்து கனமா இருக்காம். அதனால வண்டி நிக்குதாம். நம்ம டிப்போ கேஷியர் இடுப்புல ஒரு கொத்து வெச்சிருப்பாரே, அவர் நடக்கும்போது நிக்கிறாரா?”

“அவர் எங்கண்ணே நடக்கறார்?” என்றார் கண்டக்டர்.

சாவியக்கா பைக்குள் கையை விட்டாள். கார் சாவியை வளையத்தில் மாட்டினாள். மாட்ட நேரம் பிடித்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கொத்தை முழுசாகக் கணவரிடம் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க. பள்ளிக்கூடத்துத் தெருவுல. இன்னிக்கு அங்க ஆள் நடமாட்டம் இருக்காது.”

அவர் கையை நீட்டவில்லை. அந்தக் கொத்தை அவள் அவரிடம் கொடுப்பது அதுதான் முதல் தடவை என்று அவருக்கும் தெரியும். கொஞ்சம் கழித்து வாங்கிக்கொண்டார். கனத்தில் அவர் கை ஒரு விரல் இறங்கியது.

அவர் ஓட்டினார், கண்டக்டர் பக்கத்தில், பெண்கள் இருவரும் பின்னால். நாத்தனார் எட்டி ரேடியோவைப் போட்டாள். முதல் வேகத்தடையில் ஒன்றும் ஆகவில்லை. அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். சுவரோரத்து வேகத்தடையில் ஏறி இறங்கினார். பாட்டு நின்றது.

“என்னண்ணே, ஸ்டாப் வந்துடுச்சா?” என்றார் கண்டக்டர்.

“கிளட்ச்ச மெதுவா விடுண்ணா” என்றாள் நாத்தனார். “பொசுக்குனு காலை எடுக்காத.”

அவர் கிளப்பினார். தெருமுனையில் திருப்பிக்கொண்டு அதே வேகத்தடைக்கு மறுபடி வந்தார். மூட்டை தூக்குகிறவன் படியிறங்குகிற மாதிரி அவ்வளவு பதமாக இறக்கினார். நின்றது. பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். ஒதுங்கிக் கடந்துபோகும்போது ஜன்னலுக்குள் குனிந்து, “ஓட்டக் கத்துக்கிட்டு எடுத்துட்டு வாங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டர் சிரிப்பை அடக்கி இருமினார். நாத்தனார் அடக்கவே இல்லை.

கணவர் சாவியைப் பார்த்தார். கொத்தின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினார். விளக்கு எரிந்தது, பாட்டு வந்தது. விட்டார், போயிற்று. பிறகு கொத்தை உருவி எடுத்து, பின்னால் திரும்பி, மனைவியின் மடியில் பார்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்த தன் ஒற்றைச் சாவியைப் போட்டார். அதே வேகத்தடையில் போனார், வந்தார், போனார். பாட்டு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. அது முடிந்து அடுத்த பாட்டே வந்துவிட்டது. அவர் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, போதும், டீசல் தீர்ந்துடும்” என்றார் கண்டக்டர்.

“இது பெட்ரோல் வண்டி.”

“அதுவும் தீரும்ல? சரி, பழுது தெரிஞ்சுபோச்சு. இப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நானே எடுத்துக்கறேன்.”

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. இந்தத் தடவை அவர்தான் நிறுத்தினார். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்ன எதுக்குக் கேக்கற? ஓட்டறவங்களக் கேளு.”

கண்டக்டர் பின்னால் திரும்பினார். சாவியக்காவுக்கு முகம் சூடேறியது. நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

“இல்லீங்க” என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். “வண்டி குடுக்கறதா இல்லீங்க.”

கண்டக்டர் இன்னொரு கோப்பை காபி குடித்துவிட்டுப் போனார். கணவர் வாசலில் நின்று, ஆளில்லாத வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பைகளை எடுக்க வந்தவளிடம், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அன்னிக்கு ரொம்ப நேரம் அடிச்சுட்டேன். ஹாரன்.”

“பஸ் லேட்டாயிடுமே” என்றாள் அவள்.

“அதில்ல” என்றவர், அது என்ன என்று சொல்லவில்லை. ஒரு கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திங்கள்கிழமை காதுக்காரர் சுவிட்ச்சை மாற்றிக் கொடுத்தார். “இனிமே எவ்வளவு கனம் வேணும்னாலும் தாங்கும்மா. ஆனா தொங்க விடாதீங்க” என்றார். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. கார் சாவி தனியாகவே இருந்தது. அடுத்த நாள் நாத்தனார் கொத்தை முன் சீட்டில் உட்காரவைத்து, அதற்கு பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

“இந்த ஆளுதான் இத்தனை நாளா வண்டிய நிறுத்தினவன். கண்ணு முன்னாலயே இருக்கட்டும்.”

சாவியக்கா தனியாக ஊர் எல்லைவரை போனாள். வேகத்தடைகளை எண்ணக்கூட இல்லை. பெரிய வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரும்புக் கேட்டின் முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். கையில் இருந்தது கார் சாவி மட்டும்.

இத்தனை வருஷத்தில் கொத்தை விட்டுவிட்டு அவள் நாலடி நடந்ததில்லை. திரும்பிப் பார்த்தாள். வண்டியின் ஜன்னல் வழியாக, பெல்ட் போட்டபடி, கலர் கலர் நூல்களோடு அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. யாரும் இல்லாத அந்தத் தெருவில், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அதை எடுத்துவரத் திரும்பி நடந்தாள்.